நாசாவின் சின்னங்கள்: உருண்டையும் புழுவும்

அமெரிக்க அரசின் விண்வெளி நிறுவனமான நாசா, 1958-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது முதல் இன்றுவரை மூன்று அடையாளங்களைப் பயன்படுத்தி வந்துள்ளது. முதலாவது, சட்டப்படியான அரசு முத்திரை. இரண்டாவது, நீல வட்டத்துக்குள் விண்மீன்களும் சிவப்புச் சிறகும் கொண்ட வட்டச் சின்னம். மூன்றாவது, சிவப்பு நிறத்தில் வளைந்து செல்லும் நான்கு ஆங்கில எழுத்துகளால் ஆன எழுத்துச் சின்னம். இரண்டாவதற்கு நாசா ஊழியர்கள் வைத்த செல்லப் பெயர் 'மீட்பால்'. இறைச்சியைக் கொத்தி உருட்டிச் செய்யும் உருண்டை என்பது அதன் பொருள். நம்மூர்க் கோலா உருண்டைக்கு நெருங்கிய உறவு என்று சொல்லலாம். மூன்றாவதற்கு வைத்த பெயர் 'புழு'. இக்கட்டுரையிலும் அவை உருண்டை, புழு என்றே அழைக்கப்படுகின்றன.

இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறிய நாள்களில், நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு மாணவன் செய்தித்தாளில் வந்த விண்கலப் படத்தையும் நூலகத்தில் இருந்த பழைய அப்போலோ புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வந்தான். "சார், ரெண்டுலயும் நாசான்னுதான் இருக்கு, ஆனா எழுத்து வேற மாதிரி இருக்கே, எது சார் சரி?" என்று கேட்டான். புத்தகத்தில் இருப்பதுதான் சின்னம், மற்றது வெறும் பெயர்ப்பலகை எழுத்து என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது தவறான விடை. அன்றைய தேதியில் செய்தித்தாளில் இருந்ததுதான் நடப்பிலிருந்த சின்னம். புத்தகத்தில் இருந்தது பத்தாண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டது. சரியான விடை சற்று நீளமானது.

நாகாவிலிருந்து நாசா

நாசாவுக்கு முன்பு அமெரிக்காவில் விமானவியல் ஆய்வைக் கவனித்து வந்தது, 1915 மார்ச் 3 அன்று அமைக்கப்பட்ட தேசிய வானூர்தியியல் ஆலோசனைக் குழு. அதன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தை 'நாகா' என்று ஒரே சொல்லாக அன்று யாரும் சொன்னதில்லை. என்-ஏ-சி-ஏ என்று எழுத்தெழுத்தாகவே சொல்வார்கள். எழுதும் வசதிக்காக இங்கே நாகா என்று குறிப்பிடுகிறேன். அந்தக் குழுவின் முத்திரையில் ரைட் சகோதரர்களின் முதல் விமானப் பறப்பு சித்திரிக்கப்பட்டிருந்தது. அதன் ஆய்வு விமானங்களின் வாலில் இரு சிறகுகளுடன் கூடிய சின்னம் தீட்டப்பட்டிருக்கும். விமானத்தை ஆராயும் அமைப்புக்குச் சிறகு பொருத்தமானதே.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. அதன் விளைவாக, 1958 ஜூலை 29 அன்று குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி நாகா கலைக்கப்பட்டு, அதன் ஆய்வகங்களும் ஊழியர்களும் புதிய நிறுவனத்துக்கு மாற்றப்பட்டனர். 1958 அக்டோபர் 1 அன்று நாசா செயல்படத் தொடங்கியது. பழைய ஊழியர்கள் மறுநாள் அதே மேசைக்குத்தான் வந்தார்கள். ஆனால் வேலை இப்போது விமானத்தோடு நிற்கவில்லை, விண்வெளியும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் காட்டும் ஒரு சின்னம் தேவைப்பட்டது.

மாடரெல்லியின் உருண்டை

அந்தப் பொறுப்பு ஜேம்ஸ் மாடரெல்லியிடம் வந்தது. இவர் ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில் உள்ள லூயிஸ் ஆய்வு மையத்தில் (இன்றைய கிளென் மையம்) ஆய்வறிக்கைகளைத் தயாரித்து வெளியிடும் பிரிவின் தலைவர். விளம்பர நிறுவனத்தைச் சேர்ந்தவர் அல்லர். விஞ்ஞானிகளின் அட்டவணைகளுக்கும் வரைபடங்களுக்கும் நடுவில் வேலை பார்த்த ஓவியர்.

1958-இல் கலிபோர்னியாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்கு அவர் சென்றிருந்தபோது, அங்குள்ள காற்றுச் சுரங்கத்தில் ஒரு மாதிரி விமானத்தைப் பார்த்தார். காற்றுச் சுரங்கம் என்பது, மாதிரியை அசையாமல் நிறுத்திவைத்துவிட்டுக் காற்றை அதன் மீது வேகமாகச் செலுத்திச் சோதிக்கும் கூடம். அவர் பார்த்த மாதிரி, ஒலியைவிட மூன்று மடங்கு வேகத்தில் பறப்பதற்காக லாங்லி ஆய்வு மையப் பொறியாளர்கள் கிளிண்டன் பிரவுன், எட்வர்ட் மெக்லீன் ஆகியோர் வடிவமைத்தது. அம்பு முனைபோலப் பின்னோக்கி நீண்ட சிறகு. தட்டையாக இல்லாமல் மெல்ல முறுக்கி வளைக்கப்பட்டிருந்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சிலை செதுக்கியதுபோல் இருக்கும். மாடரெல்லி அந்த வடிவத்தை மனத்தில் ஏந்திக்கொண்டு ஊர் திரும்பினார்.

முதலில் உருவானது அரசு முத்திரை. விண்மீன்கள் தூவிய நீல வானம். அதில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய கோளம். அதைக் கவ்வியதுபோல் சிவப்புச் சிறகு. சிறகின் நிழல் கோளத்தின் மீது விழுகிறது. வெண்ணிறச் சுற்றுப்பாதை ஒன்று சுற்றி வருகிறது. ஓரத்தில் வெளிர்நீலத்தில் ஒரு சிறிய கோளம். சுற்றிலும் வெண் பட்டையில் நிறுவனத்தின் முழுப் பெயர். அரசு முத்திரைகளை வகுப்பதில் பழகிய ராணுவத்தின் மரபுச் சின்னப் பிரிவின் உதவியும் இதற்குப் பெறப்பட்டது. 1959 நவம்பரில் ஐசன்ஹோவர் தம் நிர்வாக ஆணையின் மூலம் இதற்கு ஒப்புதல் அளித்தார்.

முத்திரை என்பது சான்றிதழ், விருது, சடங்கு ஆகியவற்றுக்கு உரியது. அதைத் தொழிலாளியின் தொப்பியிலும் லாரியின் கதவிலும் போட முடியாது. ஆகவே அன்றாடப் பயன்பாட்டுக்கு எளிய வடிவம் ஒன்றையும் மாடரெல்லியே வரைந்தார். முத்திரையின் முக்கிய உறுப்புகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினார். நீல வட்டம் கோளைக் குறிக்கும். விண்மீன்கள் விண்வெளியைக் குறிக்கும். சிவப்பு நிறத்தில் இருபிரிவாக வீசும் பட்டை, காற்றுச் சுரங்கத்தில் கண்ட அந்தச் சிறகு. அது வானூர்தியியலைக் குறிக்கும். சிறகைச் சுற்றி வரும் வெண்கோடு விண்கலத்தின் சுற்றுப்பாதை. நடுவில் நாசா என்ற வெள்ளை எழுத்துகள். 1959-இல் இது நடைமுறைக்கு வந்தது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சிவப்புப் பட்டையை 'ராக்கெட்டின் பாதை' என்றும் 'ஏதோ ஒரு விண்மீன் கூட்டம்' என்றும் எழுதும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. அது ஒரு விமானச் சிறகு. விண்வெளி நிறுவனத்தின் சின்னத்தில் மிக எடுப்பான பகுதி, காற்றில்லாத இடத்தில் எந்தப் பயனும் இல்லாத ஓர் உறுப்பு என்பது முரணாகத் தோன்றலாம். நாசாவின் பெயரில் முதலில் வரும் துறை வானூர்தியியல்தான், விண்வெளி அதற்குப் பின்னரே வருகிறது என்பதை நினைவில் வைத்தால் முரண் தீர்ந்துவிடும்.

ஒப்பந்தத்துக்கு ஆள் தேடாமல், போட்டிக்குப் பெரும் பரிசு அறிவிக்காமல், உள்ளேயே இருந்த ஓர் ஊழியரின் கையால் பிறந்த சின்னம் அது. பொறியாளர்கள் அதைத் தங்களுடையது என்று எண்ணியதற்கு இதுவும் காரணம். அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மெர்க்குரி, ஜெமினி, அப்போலோ என்று எல்லாப் பயணங்களிலும் அது உடன் சென்றது. நிலவில் நடந்தவர்களின் உடையிலும் அது தைக்கப்பட்டிருந்தது.

வீரர்களின் பேட்ச்

நிறுவனச் சின்னம் ஒருபுறமிருக்க, ஒவ்வொரு பயணத்துக்கும் தனிச் சின்னம் வைத்துக்கொள்ளும் வழக்கமும் இந்தக் காலத்தில்தான் தோன்றியது. இதன் தொடக்கம் சுவையானது.

மெர்க்குரி திட்டத்தில் வீரர்களே தங்கள் கலத்துக்குப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். ஜான் கிளென் 1962-இல் பூமியைச் சுற்றிய 'பிரெண்ட்ஷிப் 7' கலத்தின் மீது அந்தப் பெயரைக் கையால் தீட்டியவர் சீசி பிபி என்ற பெண் ஓவியர். ஏவுதளத்துக்குப் பெண் வரக்கூடாது என்று எதிர்ப்பு எழுந்தபோது, அவரே வந்து தீட்ட வேண்டும் என்று கிளென் உறுதியாக நின்றார்.

பின்னர் ஜெமினி திட்டத்தில் வேடிக்கையான பெயர் ஒன்றால் மேலிடம் எரிச்சலடைந்து, பெயர் சூட்டும் வழக்கத்தையே நிறுத்திவிட்டது. பெயர் இல்லையென்றால் சின்னமாவது வேண்டும் என்று ஜெமினி 5 வீரர்களான கார்டன் கூப்பரும் பீட் கான்ராடும் முடிவு செய்தார்கள். அவர்களுடைய பயணம் எட்டு நாள். அதுவரை யாரும் அவ்வளவு காலம் விண்ணில் இருந்ததில்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குக் குடிபெயர்ந்தவர்கள் சென்ற கூண்டு வண்டியை வரைந்து, அதன் துணிக்கூரையில் 'எட்டு நாள், இல்லையேல் தோல்வி' என்ற பொருளில் ஒரு வாசகத்தைச் சேர்த்தார்கள்.

நாசாவின் அன்றைய தலைவர் ஜேம்ஸ் வெப்புக்கு இது பிடிக்கவில்லை. ஏழு நாளில் திரும்ப நேர்ந்தால், அதைத் தோல்வி என்று பத்திரிகைகள் எழுதுவதற்கு நாமே தலைப்பு எடுத்துக் கொடுத்தது போலாகிவிடாதா? அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. பேட்ச் அணியலாம், ஆனால் பயணம் முடியும்வரை வாசகத்தின் மீது சிறு துணியொன்று தைத்து மறைக்கப்பட வேண்டும். 1965 ஆகஸ்ட் 21 அன்று புறப்பட்ட கலம் 29 அன்று திரும்பியது. ஏறத்தாழ எட்டு நாள்கள். அதன்பின் மனிதர் செல்லும் ஒவ்வொரு பயணத்துக்கும் பேட்ச் என்பது முறையான வழக்கமாகிவிட்டது.

அப்போலோ 1 கலத்தில் 1967 ஜனவரியில் தரைச் சோதனையின்போது தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். அதன்பின் கலத்துக்குள் எரியக்கூடிய பொருள்கள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. நூலால் பூத்தையல் போட்ட பேட்ச்சும் எரியக்கூடியதுதான். ஆகவே கண்ணாடி இழையால் நெய்த 'பீட்டா' துணியில் சின்னத்தை அச்சிட்டு உடையில் பொருத்தினார்கள். இன்று கடைகளில் விற்கும் பூத்தையல் பேட்ச்சுகள் விண்ணுக்குப் போனவற்றின் வடிவத்தை மட்டுமே கொண்டவை.

அப்போலோ 11 சின்னம் பெரும்பாலும் மைக்கேல் காலின்ஸ் கையால் உருவானது. கழுகை வைக்கலாம் என்று சொன்னவர் ஜிம் லவல். பறவைகள் பற்றிய நேஷனல் ஜியாக்ரஃபிக் நூல் ஒன்றில் இருந்த கழுகுப் படத்தின் மீது மெல்லிய தாளை வைத்துக் காலின்ஸ் நகல் எடுத்தார். அமைதியின் அடையாளமாக ஆலிவ் கிளை ஒன்று சேர்க்கப்பட்டது. முதலில் அது கழுகின் அலகில் இருந்தது. விரிந்த நகங்களோடு நிலவின் மீது இறங்கும் கழுகு பகைமையாகத் தெரிகிறது என்று மேலிடம் கருதியதால், கிளை நகங்களுக்கு மாறியது. எண் 11 என்பது ஆங்கிலச் சொல்லாக எழுதப்படாமல் இலக்கமாக வைக்கப்பட்டது. பிற மொழியினரும் படிக்க வேண்டுமே. வீரர்களின் பெயர் எதுவும் அதில் இல்லை. நிலவுக்கு மனிதரை அனுப்ப உழைத்த எல்லோருக்கும் அது உரியதாக இருக்கட்டும் என்று மூவரும் எண்ணினார்கள். ஒரு பிழையும் அதில் தங்கிவிட்டது. பின்னணியில் தெரியும் பூமியின் மீது நிழல் விழும் திசை தவறு. நிலவில் நின்று பார்ப்பவருக்குப் பூமி அப்படித் தெரியாது. காலின்ஸே பிற்பாடு இதை ஒப்புக்கொண்டார். வரலாற்றிலேயே புகழ்பெற்ற பேட்ச்சில் எட்டாம் வகுப்பு அறிவியல் பிழை ஒன்று இருப்பது, கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு நல்ல செய்தி.

அப்போலோ 13 பேட்ச்சிலும் பெயர்கள் இல்லை. சூரியத் தேவன் அப்போலோவின் குதிரைகள் மூன்று அதில் பாய்கின்றன. புறப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன் கென் மேட்டிங்லிக்கு அம்மை தொற்றக்கூடும் என்ற அச்சத்தால் ஜாக் ஸ்விகர்ட் மாற்றாகச் சேர்க்கப்பட்டார். பெயர் இல்லாததால் பேட்ச்சை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

2003-இல் கல்பனா சாவ்லா சென்ற எஸ்டிஎஸ்-107 பயணத்தின் பேட்ச், கொலம்பியா விண்கலத்தின் புற வடிவத்திலேயே வெட்டப்பட்டிருந்தது. அதில் 'கொலம்பா' எனப்படும் புறா விண்மீன் கூட்டம் ஏழு விண்மீன்களாகக் காட்டப்பட்டது. பயணித்தவர்களும் ஏழு பேர். பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் கலம் சிதறி எழுவரும் இறந்தனர்.

புழு வந்த கதை

இனி நிறுவனச் சின்னத்துக்குத் திரும்புவோம். 1972-இல் நிக்சன் அரசு, அரசுத் துறைகளின் அச்சு வேலைகளும் பெயர்ப்பலகைகளும் ஒழுங்கற்று இருப்பதைச் சீர்செய்ய ஒரு வடிவமைப்பு மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கலைகளுக்கான தேசிய நிதியம் அதை நடத்தியது. அதில் நாசாவும் சேர்க்கப்பட்டது.

நாசாவின் நிலைமை உண்மையிலேயே குழப்பமாக இருந்தது. ஒவ்வொரு மையமும் தன் விருப்பப்படி கடிதத்தாள், அறிக்கை அட்டை, வாகன எழுத்து என்று வைத்துக்கொண்டிருந்தது. உருண்டைச் சின்னத்திலும் நடைமுறைச் சிக்கல் இருந்தது. அதற்குப் பல நிறங்கள் வேண்டும். மெல்லிய கோடுகளும் பொடி விண்மீன்களும் உண்டு. கருப்பு வெள்ளையில் அச்சிட்டாலோ சிறிதாக்கினாலோ எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும். தொலைவிலிருந்து பார்த்தால் நீலப் பொட்டு மட்டுமே தெரியும். அந்தக் கால அச்சையும் நகல் பொறியையும் அறிந்தவர்களுக்கு இது புரியும். பள்ளியில் ஸ்டென்சில் தாளில் கேள்வித்தாள் உருட்டிய தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில், எனக்கு நன்றாகவே புரிகிறது.

நியூயார்க்கில் ரிச்சர்ட் டேன், புரூஸ் பிளாக்பர்ன் ஆகிய இருவரும் நடத்திவந்த சிறிய நிறுவனத்துக்கு வேலை கிடைத்தது. அமெரிக்கச் சுதந்திரத்தின் 200-ஆம் ஆண்டு விழாவுக்கான விண்மீன் சின்னத்தை வரைந்தவர் பிளாக்பர்ன். இவர்கள் படம் எதையும் வைக்கவில்லை. நாசா என்ற நான்கு எழுத்துகளையே சின்னமாக்கினார்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனில், மூலைகள் இல்லாமல், ஒரே கோட்டை வளைத்து வளைத்து எழுதியது போன்ற வடிவம். இரண்டு 'ஏ' எழுத்துகளுக்கும் நடுவே குறுக்குக் கோடு கிடையாது. மேல்நோக்கிக் கிளம்பும் ராக்கெட்டின் மூக்கைப் போல அவை நிற்கும்.

நாசா தலைவர் ஜேம்ஸ் பிளெட்சரும் துணைத் தலைவர் ஜார்ஜ் லோவும் அதைப் பார்வையிட்ட நிகழ்ச்சியை டேன் பிற்காலத்தில் எழுதியுள்ளார். ஏதோ குறைகிறதே என்றாராம் பிளெட்சர். ஏ எழுத்தின் குறுக்குக்கோடு இல்லை என்று எடுத்துக் காட்டினார் லோ. அதுதான் உறுத்துகிறது என்றார் பிளெட்சர். ஏன் என்று கேட்டதற்கு, கொடுத்த காசுக்கு முழுப் பொருள் கிடைக்காதது போல இருக்கிறது என்று பதில் வந்ததாம். கடையில் எடைபோடும்போது கடைசி ஒரு மிளகாயையும் சேர்த்துக் கேட்பவரின் மனநிலை இது. ராக்கெட் நிறுவனத்தின் தலைவருக்கும் வந்திருக்கிறது. எப்படியோ ஒப்புதல் கிடைத்தது. 1975-இல் புதிய சின்னம் நடைமுறைக்கு வந்தது.

வந்த விதம்தான் கெடுத்துவிட்டது. ஆய்வு மையங்களில் யாரையும் கலந்து பேசவில்லை. மைய இயக்குநர்கள் புதிய சின்னத்தை முதன்முதலாகக் கண்டது, தலைமையகத்திலிருந்து வந்த கடிதத்தாளின் தலைப்பில். நிலவுக்கு மனிதரை அனுப்பிய சின்னத்தை நியூயார்க்கிலிருந்து யாரோ வந்து துடைத்துவிட்டார்கள் என்ற கோபம் எழுந்தது. 'புழு' என்ற பெயர் அந்த ஏளனத்தில் பிறந்ததே. பழைய சின்னத்துக்கு 'உருண்டை' என்ற பெயர் வந்ததும் இந்தச் சமயத்தில்தான். 1975-இல் நாசா தலைமையகத்தின் தொழில்நுட்ப வெளியீட்டுப் பிரிவில் இருந்த பிராங்க் ரவ்சம் அப்பெயரைச் சூட்டியதாகச் சொல்கிறார்கள். அதற்கு முன்பு அதற்குப் பட்டப்பெயர் தேவைப்படவில்லை. இருந்தது ஒன்றுதானே.

1976 ஜனவரியில் வெளிவந்த வடிவமைப்பு விதிநூல் இன்றும் வடிவமைப்பு மாணவர்கள் படிக்கும் நூலாக உள்ளது. கடிதத்தாளில் சின்னம் எங்கே வர வேண்டும், பக்க ஓரம் எவ்வளவு, வேன்களிலும் விமானங்களிலும் எழுத்து எந்த இடத்தில், விண்கலத்தின் உடலில் எப்படி, செயற்கைக்கோளில் எப்படி என்று எல்லாவற்றையும் வரைந்து காட்டும். சிவப்பு என்றால் எந்தச் சிவப்பு என்பதற்கும் அச்சுத் தொழிலின் வண்ண எண் கொடுக்கப்பட்டிருந்தது. சின்னத்தை எப்படியெல்லாம் கெடுக்கக்கூடாது என்பதற்கும் தனிப் பக்கம் உண்டு. 1984-இல் இந்த வேலைக்கு ரீகன் அரசின் வடிவமைப்பு விருதும் கிடைத்தது. விருது வந்தது, ஆனால் லாங்லி போன்ற பழைய மையங்களில் மனக்கசப்பு போகவில்லை. சில விமானக் கூடங்களின் சுவரில் பழைய உருண்டை அழிக்கப்படாமலே இருந்தது.

1992 மே

1986-இல் சேலஞ்சர் விபத்து. 1990-இல் ஏவப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் ஆடி தவறாகத் தேய்க்கப்பட்டிருந்தது தெரிய வந்து, பத்திரிகைகளின் கேலிப் படங்கள். ஊழியர்களின் மனம் சோர்ந்திருந்த நேரத்தில், 1992 ஏப்ரலில் டேனியல் கோல்டின் நாசா தலைவரானார். மே மாதம் அவர் லாங்லி மையத்துக்குச் சென்றார். ஊழியர்களுக்கு எப்படி உற்சாகமூட்டுவது என்ற பேச்சு, உடன் வந்த ஜார்ஜ் ஏபி, மைய இயக்குநர் பால் ஹாலோவே ஆகியோருடன் நடந்தது. பழைய சின்னத்தைத் திரும்பக் கொடுங்கள் என்ற யோசனை அங்கே பிறந்தது. அன்றே ஊழியர் கூட்டத்தில் கோல்டின் அதை அறிவித்தார். பலத்த கைதட்டல் எழுந்தது.

பதினேழு ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்த, விருது பெற்ற ஓர் அமைப்பு ஒரே நாளில் நீக்கப்பட்டது. இதிலும் வடிவமைத்தவர்களைக் கலந்து பேசவில்லை. 1975-இல் மையங்களுக்கு நடந்தது 1992-இல் டேனுக்கும் பிளாக்பர்னுக்கும் நடந்தது. ஊழியர்களின் பற்று எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆடி கெட்டுப்போனதற்கும் எழுத்து வளைந்திருந்ததற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சின்னத்தை மாற்றச் செலவு குறைவு, கைதட்டல் அதிகம். ஹப்பிளின் குறையைச் சரிசெய்ய 1993 டிசம்பரில் ஏழு வீரர்கள் விண்ணுக்குச் சென்று வேலை பார்க்க வேண்டியிருந்தது.

அறிவிப்பு வந்தவுடன் எல்லாமே மாறிவிடவில்லை. விண்கலங்களில் இருந்த புழு, அவை பராமரிப்புக்கு வந்தபோது 1990-களின் பிற்பகுதியில்தான் அழிக்கப்பட்டு உருண்டை தீட்டப்பட்டது. ஹப்பிளின் உடலில் இருந்த புழுவை அழிக்க யாரும் ஏறிப்போகவில்லை. கைவிடப்பட்ட சின்னத்தைத் தாங்கிக்கொண்டு அது பூமியைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்த புழு

காலம் செல்லச்செல்ல, புழுவை ஏளனம் செய்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். விண்கலப் படங்களைப் பார்த்து வளர்ந்த குழந்தைகளுக்கு நாசா என்றாலே அந்தச் சிவப்பு எழுத்துதான். அவர்களில் சிலர் வடிவமைப்பாளர்கள் ஆனார்கள். 2015-இல் ஜெஸ்ஸி ரீட், ஹேமிஷ் ஸ்மித் என்ற இரு இளைஞர்கள் 1976 விதிநூலை அப்படியே மறுபதிப்புச் செய்ய இணையம்வழி முன்பதிவுத் தொகை திரட்டினார்கள். 9 லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. கடிதத்தாளின் ஓரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று விளக்கும் அலுவலக நூலுக்கு இவ்வளவு வாசகர்கள்!

2011 ஜூலையில் விண்கலத் திட்டம் முடிந்தபின், ஒன்பது ஆண்டுகள் அமெரிக்க மண்ணிலிருந்து மனிதர் யாரும் விண்ணுக்குச் செல்லவில்லை. ரஷ்ய சோயுஸ் கலத்தில்தான் இடம் வாங்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியை முடித்துவைத்தது 2020 மே 30 அன்று ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் பாப் பென்கன், டக் ஹர்லி இருவரும் சென்ற பயணம். அந்த ராக்கெட்டின் பக்கத்தில் செங்குத்தாகப் புழு தீட்டப்பட்டிருந்தது. அப்போதைய நாசா தலைவர் ஜிம் பிரிடென்ஸ்டைன் காலத்தில் எடுத்த முடிவு இது. உருண்டையே முதன்மைச் சின்னமாகத் தொடரும், தேர்ந்த இடங்களில் புழுவும் வரும் என்று நாசா விளக்கியது. 2022 நவம்பர் 16 அன்று ஆளில்லாமல் நிலவுக்குச் சென்ற ஆர்ட்டெமிஸ் 1 ராக்கெட்டின் இரு பக்கத் துணை ராக்கெட்டுகளிலும் புழு இருந்தது.

பிளாக்பர்ன் 2021 பிப்ரவரியில் காலமானார். தம் எழுத்துகள் மீண்டும் விண்ணுக்குச் சென்றதை அவர் பார்த்துவிட்டார். 2023 நவம்பரில் வாஷிங்டனில் உள்ள நாசா தலைமையகம் டேனை அழைத்து, புழுவின் வரலாறு குறித்து ஒரு நிகழ்ச்சி நடத்தியது.

பயன்படுத்துவோர் கவனத்துக்கு

நாசா வெளியிடும் ஒளிப்படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமைத் தடை இல்லை. பள்ளித் திட்டப்பணிகளில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் முத்திரை, உருண்டை, புழு ஆகிய மூன்றும் அந்த வகையில் சேரா. அவற்றைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கக் கூட்டரசு விதிகளில் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. நாசா தங்கள் பொருளையோ நிறுவனத்தையோ ஆதரிக்கிறது என்ற எண்ணத்தை ஏற்படுத்தும் வகையில் யாரும் அவற்றை இடக்கூடாது. 'நாசாவே சொல்லிவிட்டது' என்ற தலைப்போடு நீல உருண்டையையும் ஒட்டி வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைப் பார்க்கும்போது இந்த விதியை நினைத்துக்கொள்ளலாம். அந்த மாதிரிப் படங்கள் சிலவற்றில் சிறகின் திசைகூட மாறியிருக்கும்.